கேட்பார் உண்டென்று காட்டுவோம்

மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சாவடிக்குச் சென்று புள்ளடி இட்டு வருவதோடு முடிந்துவிடும் ஒன்றன்று. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களிலேதான் வீதி போடப்படுகின்றது. குளத்து நீர் திறக்கப்படுகின்றது. வைத்தியசாலைக்கு மருந்து வருகின்றது, அல்லது வராமலே போகின்றது. அந்நாட்களிலெல்லாம் உறங்கிக் கிடந்துவிட்டுத் தேர்தல் அன்று மட்டும் கண்விழிக்கும் மக்களுக்கு, கிடைத்ததே ஆட்சி, கொடுத்ததே சேவை.

தமிழ் மக்களாகிய எமக்கு அரசியல் விழிப்பு இல்லையென எவரும் கூறார். ஆனால் அவ்விழிப்பு பெரியவற்றைப் பற்றியதாகவே நின்றுவிடுகின்றது. அரசியலமைப்பைப் பற்றி நாம் அறிந்த அளவு, எம் ஊர்ப் பிரதேச சபையின் வரவுசெலவைப் பற்றி அறியோம். வீதி மூன்று மாதத்தில் குழியானால் தேநீர்க்கடையில் இருந்து ஏசுகின்றோம்; பாராளுமன்ற உறுப்பினரைக் காணும்போது ஒரு மனுவை நீட்டுகின்றோம்; அதன்பின் மறந்துவிடுகின்றோம். ஏசுவது கேள்வியன்று, மனு நீட்டுவது உரிமையன்று. இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அவ்வழியைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

சுன்னாகம் கற்பித்த பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. எமக்கு உள்ளது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் மழைநீர் ஒன்றே. அந்நீரைக் கிணறு வழியே எடுத்துத்தான் குடிக்கின்றோம்; அதே நீரைத்தான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். இவ்வாறான நிலத்திலே ஓரிடத்தில் ஊற்றப்படும் நஞ்சு அவ்விடத்தோடு நிற்பதில்லை. ஒருவன் வளவிலிருந்து மற்றொருவன் வளவுக்கு வேலியைக் கேளாமலே செல்கின்றது.

சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தை அண்டிய ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதை முதலிற் கண்டவர்கள் விஞ்ஞானிகளும் அல்லர், அதிகாரிகளும் அல்லர். காலையில் வாளி இறக்கிய பெண்களும், தோட்டத்துக்கு நீர் இறைத்த கமக்காரருமே கண்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 நவம்பர் வரை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் மசகும் அனுமதிக்கப்பட்ட அளவினை மீறியிருந்தன. மக்கள் வீதிக்கு இறங்கினர். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மின்நிலையத்தின் இயக்கத்தை இடைநிறுத்துமாறு மல்லாகம் நீதிவான் நீதிமன்றம் கட்டளையிட்டது.

பின்னர் நிகழ்ந்ததை நினைவுகூர்வது நன்று. வட மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழுவின் முடிவு வேறு, நீர் வழங்கற் சபையின் முடிவு வேறு என்ற நிலை தோன்றியது. தண்ணீரைக் குடிக்கலாமா, குடிக்கலாகாதா என்ற எளிய கேள்விக்கு ஓர் எளிய விடை கிடைக்கவில்லை. பவுசர் வண்டிக்காக வாசலிற் காத்திருந்த தாய்மார், யார் சொல்வதை நம்புவது என்று அறியாது தவித்தனர். சோதனை முடிவுகளின் முழு அறிக்கையைக் காட்டுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்பதற்கு அக்காலத்தில் இந்நாட்டுக் குடிமகனுக்குச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட வழி ஒன்று இருக்கவில்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தத்தம் சட்டக் கடமையை நிறைவேற்றத் தவறின என்று நீதிமன்றம் கண்டது. மின்நிலையத்தை நடத்திய கம்பெனி, பாதிக்கப்பட்ட மக்களுக்காக இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே செலவைச் சுமக்க வேண்டும் என்ற நெறி, யாழ்ப்பாணத்துக் கிணற்றுக் கட்டிலே நிலைநாட்டப்பட்டது.

இத்தீர்ப்பைப் பெருமையோடு பேசுகின்றோம். ஆயினும் அதனுள்ளே எம்மை நாணச் செய்யும் செய்தி ஒன்றும் உண்டு. அவ்வழக்கை உயர் நீதிமன்றத்தில் தொடுத்தவர் ரவீந்திர காரியவசம் என்னும் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர். அவருக்கு எமது நன்றி என்றும் உரியது. ஆனால் கேட்கின்றோம்: சட்டத்தரணிகளையும் பொறியியலாளரையும் வைத்தியர்களையும் தலைமுறை தலைமுறையாக ஈன்று நாட்டுக்கும் உலகுக்கும் அளித்த யாழ்ப்பாணம், தன் கிணற்றுக்காகக் கொழும்பு நீதிமன்றப் படியேற ஒரு மனுதாரரைத் தென்னிலங்கையிலிருந்து பெறவேண்டி நேர்ந்தது ஏன்?

கேட்கும் கருவி கையில் உண்டு

சுன்னாகத்தார் தவித்த அக்காலத்தில் இல்லாத கருவி இன்று உண்டு. 2015 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம், தகவல் பெறும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. அதனைச் செயற்படுத்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதார் இன்று சிலரே. ஆனால் அதனைக் கையிலெடுத்தார் அதனினும் சிலரே.

சட்டத்தின் பொருள் மிக எளியது. அமைச்சு, திணைக்களம், மாகாண நிருவாகம், பிரதேச சபை, பல்கலைக்கழகம் என எந்தப் பொது அதிகாரசபையானாலும் அதனிடமுள்ள தகவலைக் குடிமகன் கேட்கலாம். ஏன் கேட்கின்றாய் என்று அவனை வினவுதல் ஆகாது. எழுத இயலாதவன் வாயாற் கூறினால், தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைக் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுள் அறிவிக்க வேண்டும். கேட்கப்படுவது ஒருவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணித்தியாலத்துள் விடையளிக்க வேண்டும். மறுத்தால் அவ்வலுவலகத்திலேயே மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் செல்லலாம். அங்கும் மறுத்தால் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

நாட்டின் பாதுகாப்பு, பிறரின் அந்தரங்கம் முதலிய சில காரணங்களால் தகவலை மறுக்கச் சட்டம் இடமளிக்கின்றது என்பது உண்மையே. ஆனால் பொதுநலன் அதனினும் மேலோங்கி நிற்குமாயின் அவ்விதிவிலக்குகளும் தளரும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. எனவே ஓர் எழுதுவினைஞர் “தர முடியாது” என்று சொன்னதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அங்குதான் அது தொடங்குகின்றது.

இச்சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தையோ, ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையோ தொடங்குமுன், மூன்று மாதங்களுக்கு முன்பே அதன் விவரங்களைப் பொதுமக்களுக்கும் அதனாற் பாதிக்கப்படக் கூடியோருக்கும் அறிவிக்கும் கடமையை அது பொறுப்பான அமைச்சர் மீது சுமத்துகின்றது. அவசரத் திட்டங்களுக்குக் கால எல்லை குறைவு, அவ்வளவே. எம் ஊரில் ஒரு திட்டத்தின் அடிக்கல்லை, மாலைபோடும் நாளில்தான் நாம் முதன்முதலாகக் காண்கின்றோம் என்றால், சட்டம் எங்கோ மீறப்பட்டிருக்கின்றது என்றே பொருள்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஊருக்குள் அரைக் கட்டை நீளத் தார்வீதி ஒன்று போடப்படுகின்றது எனக் கொள்வோம். ஒப்பந்தகாரர் யார்? மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு? கல் எத்தனை அங்குலக் கனத்துக்குப் பரவப்பட வேண்டும்? மேற்பார்வை செய்து கையொப்பமிட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் யார்? பழுதானால் எவ்வளவு காலத்துக்குள் ஒப்பந்தகாரரே திருத்திக் கொடுக்க வேண்டும்? இவ்வைந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, வேலை தொடங்கும் கிழமையிலேயே கையளித்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளட்டும் ஊரவர். வந்த விடைத்தாளோடு ஓர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், கையில் அளவுநாடாவுடன் வீதியோரம் நிற்கட்டும். யாரையும் ஏசவேண்டியதில்லை, யாரோடும் மோதவேண்டியதில்லை. அளக்கப்படுகின்றோம் என்று அறிந்தவன் அளவு குறைக்க அஞ்சுவான்.

கருவி இது ஒன்று மட்டுமன்று. அரச நிறுவனங்கள் அனைத்தின் கணக்குகளையும், உள்ளூராட்சிச் சபைகளின் கணக்குகள் உட்பட, கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்ந்து அறிக்கை இடுகின்றார். எந்தப் பணம் எங்கே வீணாயிற்று என்பது அவ்வறிக்கைகளிலே வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது, வாசிப்பார்தான் இல்லை. உள்ளூராட்சிச் சபையின் வரவுசெலவுத் திட்ட வரைவு ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது; பார்ப்பார்தான் இல்லை. அநீதியான நிருவாகச் செயல்களை விசாரிக்க, நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டது. தொடக்கத்தில் பாராளுமன்ற உறுப்பினர் வழியாகவே அவரை அணுகலாம் என்றிருந்தது. 1994 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் குடிமக்கள் நேரடியாகவே முறையிடலாம். இவ்வாயில்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. நுழைவார் இன்மையால் படியிற் புல் முளைத்திருக்கின்றது.

வயலிலிருந்து கேட்கும் குரல்

இவை யாவும் படித்தவர் காரியம் என்று கமக்காரர் கருதுவாராயின் அது தவறு. இந்நாட்டில் பொதுச்சொத்தைக் காக்கும் சட்ட நெறியை வளர்த்த வழக்குகளுள் முதன்மையான ஒன்று கமக்காரர் தொடுத்ததேயாகும். எப்பாவலையில் உள்ள பொசுபேற்றுக் கனியத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க அரசாங்கம் முற்பட்டபோது, அவ்வூர்க் கமக்காரர் சிலரும் விகாரை ஒன்றின் தேரரும் உயர் நீதிமன்றம் சென்றனர். இயற்கை வளம் ஆட்சியாளரின் சொத்தன்று. மக்களுக்காக அவர்கள் பொறுப்பேற்று வைத்திருப்பதே என்ற நெறியை 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. முறையான ஆய்வுகள் முடியும்வரை அவ்வொப்பந்தத்தில் இறங்கலாகாது என்று தடுத்தது. அம்மனுதாரர்கள் மாளிகைவாசிகள் அல்லர், மண் மிதித்தவர்கள். அவர்கள் வென்றெடுத்த அந்த நெறிதான் பத்தொன்பது ஆண்டுகளின் பின் சுன்னாகத்துக் கிணறுகளுக்கும் துணைவந்தது. சிங்களக் கமக்காரன் நட்ட மரத்தின் நிழலில் தமிழ்க் கமக்காரன் அமர்ந்தான். இதனை நாம் மறத்தலாகாது.

மறுபுறத்தில், கேளாதிருந்தமையால் வந்த கேட்டினையும் அண்மையிலேயே கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் ஓரிரவில் தடைசெய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர், எடுபடவில்லை. கமக்காரர் அமைப்புகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவுமில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளைச்சல் வீழ்ந்ததை எம் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. களத்துமேட்டில் நின்று கண்டவர்கள் அவர்கள்.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்துள்ளது. நீர்ப்பாசனக் குளங்களின் கீழ் போகம் தொடங்குமுன் கூடும் கூட்டத்தில், விதைப்பு நாள், நீர் திறக்கும் நாள், கால்நடை கட்டும் நாள் என்பன தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானம் வெறும் பேச்சன்று, சட்ட வலுவுடையது. ஆனால் அக்கூட்டங்களில் நிகழ்வது யாது? அதிகாரி பேசுகின்றார், முன்வரிசையார் தலையசைக்கின்றனர், பின்வரிசையார் வெளியில் நின்று முணுமுணுக்கின்றனர். சென்ற போகத்துத் தீர்மானங்களுள் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்ற ஒரு கேள்வியோடு ஒவ்வொரு கூட்டமும் தொடங்குமாயின், வாய்க்கால் துப்புரவுக்கு ஒதுக்கிய பணம் வாய்க்காலுக்கே வந்து சேரும்.

நம்மவர் என்பதற்காக விடலாமா?

இனி, சொல்லக் கசக்கும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. 1956 ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபோது எம் மக்கள் கொதித்தெழுந்தனர். 1961 ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரி வாசல்களில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். தமிழன் தன் கருமத்தைத் தன் மொழியில் ஆற்றவேண்டும் என்பதே அன்றைய வேட்கை. 1987 ஆம் ஆண்டில் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1988 ஆம் ஆண்டின் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழே என வகுத்தது. அவ்வுரிமை இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. கொழும்புத் திணைக்களங்களிலிருந்து சிங்களக் கடிதங்கள் வருவது நின்றபாடில்லை. அதனை விடாது எதிர்த்தல் வேண்டும்.

ஆனால் எம் கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் மேசைக்கு அப்பால் இன்று அமர்ந்திருப்பவர்களுட் பெரும்பாலார் நம்மவரே. அங்கே தமிழிற் பேசித் தமிழிலேயே “நாளைக்கு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படும் முதியவளுக்கு, அன்றைய சத்தியாக்கிரகத்தால் விளைந்த பயன் யாது? அன்று அவ்வாசலில் அமர்ந்தவர்கள் அலட்சியம் தமிழில் வரவேண்டும் என்பதற்காகவா வெயிலில் வாடினர்?

“நம்மவரை நாமே குறைகூறினால் மாற்றார் நகைப்பார், எமது அரசியற் கோரிக்கை வலுவிழக்கும்” என்று சில அன்பர்கள் கூறுவர். இக்கூற்றில் உள்ள அச்சத்தை மதிக்கின்றோம்; முடிவை ஏற்கமாட்டோம். சுயாட்சி வேண்டும் என்று கேட்கும் மக்கள், தம் கையிலுள்ள சிறு அதிகாரத்தைச் செம்மையாக நடத்திக் காட்டும்போதுதான் அக்கோரிக்கை வலுப்பெறும். பெரிய அதிகாரம் கிடைத்தபின் நேர்மை தானே வரும் என்பது விதையாமல் விளைவு பார்ப்பதாகும். தன் ஊர்ப் பிரதேச சபையிடம் கணக்குக் கேட்டுப் பழகாத மக்கள், நாளை ஒரு மாநில அரசு கிடைத்தாலும் அதனிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை.

கடமை உணர்ந்த உத்தியோகத்தர் எம்மிடை நிறைய உண்டு. ஆளணிப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் இடையில், மேலிருந்து வரும் அழுத்தத்துக்கும் கீழிருந்து வரும் ஏச்சுக்கும் நடுவில், அவர்கள் படும்பாட்டை அறிவோம். பொதுமக்களின் கண்காணிப்பு அவர்களுக்கு எதிரானதன்று, அவர்களுக்குத் துணையானது. “இதனைச் செய்யாதே” என்று அரசியல்வாதி ஒருவர் காதோடு சொல்லும்போது, “ஊரவர் எழுத்திற் கேட்டிருக்கின்றனர், ஐயா, நான் பதிலெழுத வேண்டும்” என்று சொல்ல ஒரு காரணம் நேர்மையாளனுக்குக் கிடைக்கின்றது.

இதனோடு இணைந்த மற்றொரு உண்மையும் உண்டு. மக்களாற் தெரியப்பட்ட சபைகளே இல்லாத காலங்களை நாம் நீளக் கண்டோம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின், தேர்தலின்றி ஆளுநரின் கையில் நிருவாகம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2023 மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சிச் சபைகளின் காலமும் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அத்தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகத்து மாதத்தில் தீர்த்தது. 2025 மே 6 ஆம் நாளே வாக்களிப்பு நிகழ்ந்தது. இடைப்பட்ட ஈராண்டுகளில் எம் ஊரின் விளக்கும் குப்பையும் வடிகாலும் உத்தியோகத்தர் கையிலேயே இருந்தன. தெரியப்பட்டவர் இல்லாத காலத்தில் கேள்வி கேட்க எஞ்சியிருப்பவர் பொதுமக்கள் மட்டுமே. அக்காலத்தில் எத்தனை ஊர்களில் கேள்வி எழுந்தது என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும்.

அச்சம் என்பதும் ஒரு தடை. 2009 ஆம் ஆண்டின் பின் வடக்கிலும் கிழக்கிலும் நான்கு பேர் கூடினால் ஐந்தாமவர் யார் என்று பார்க்கவேண்டிய நிலை இருந்தது. அவ்வச்சம் காரணமற்றது என்று கூறமாட்டோம். அதற்கு மருந்து தனித்து நில்லாமையே. ஒருவர் கேட்டால் அவர் குறிக்கப்படுவார். ஒரு சங்கம் தீர்மானம் இயற்றிக் கூட்டறிக்கையிற் பதிந்து கேட்டால், ஊரே கேட்டதாகும்.

கற்றோர் கடமை

2023 நவம்பர் 14 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினை நாடறியும். நாட்டைப் பொருளாதார வீழ்ச்சிக்கு உள்ளாக்கியதன் மூலம் முன்னாள் சனாதிபதியும் பிரதமரும் நிதியமைச்சரும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்த்தனர். அவ்வழக்கைத் தொடுத்தோர் எதிர்க்கட்சித் தலைவர்கள் அல்லர். வணிகத்துறை மூத்தவர் ஒருவர், முன்னாள் நீச்சல் வீரர் ஒருவர், ஊழலுக்கு எதிரான பொது அமைப்பு ஒன்று என்றிவ்வாறானோரே. தத்தம் தொழிலில் தேர்ந்த குடிமக்கள், ஒரு கட்சியின் கொடியும் இன்றி, நாட்டின் மிகப் பெரிய அதிகாரத்தை நீதிமன்றத்தின் முன் நிறுத்தினர்.

எம் வாசகருள் சட்டத்தரணிகள், வைத்தியர்கள், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் பலர் உளர். அவர்களை நாம் வேண்டுவது பெருந்தியாகம் அன்று. கிழமைக்கு இரண்டு மணித்தியாலமே. கணக்காளர் ஒருவர் தம் ஊர்ப் பிரதேச சபையின் கணக்காய்வு அறிக்கையை வாசித்து, சனசமூக நிலையத்தில் அரை மணிநேரம் எளிய தமிழில் விளக்கட்டும். சட்டத்தரணி ஒருவர் தகவல் விண்ணப்பம் எழுதுவதற்கு இளைஞர் பத்துப் பேரைப் பயிற்றட்டும். வைத்தியர் ஒருவர் தம் பகுதி வைத்தியசாலையில் இருக்கவேண்டிய மருந்துகள் எவை, இருப்பவை எவை என்று கேட்க ஊரவருக்கு வழிகாட்டட்டும். கமக்காரருக்குத் தெரிந்தது இன்ன இடத்தில் குறை உண்டு என்பது; கற்றோருக்குத் தெரிந்தது அதனை எந்த வாசலில் எவ்வாறு கேட்பது என்பது. இவ்விரண்டும் தனித்தனியே நின்றால் ஒன்று முணுமுணுப்பாகும், மற்றது சொற்பொழிவாகும். கூடினால்தான் கேள்வியாகும்.

முதலில் எம் வீட்டு முற்றம்

பிறரிடம் கணக்குக் கேட்பவர் தம் கணக்கை முதலில் விரித்துவைக்க வேண்டும். கோயில் பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம் என எம்மிடையே அமைப்புகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பலவற்றில் பொதுக்கூட்டம் கூடி எத்தனை ஆண்டாயிற்று? ஒருவரே தலைவராயும், அவரது மருமகனே பொருளாளராயும் உள்ள சங்கம், பிரதேச சபைத் தவிசாளரிடம் எந்த முகத்தோடு கேள்வி கேட்கும்?

கூட்டுறவு இயக்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் செழித்தமைக்குக் காரணம் பணமன்று, கணக்குப் புத்தகமே. மூளாயிலே ஒரு வைத்தியசாலையைக் கூட்டுறவால் எழுப்பி நடத்திய மக்கள் நாம். அங்கத்தவன் ஒவ்வொருவனும் கேட்க உரிமையுடையவன். நிருவாகி ஒவ்வொருவனும் சொல்லக் கடமையுடையவன் என்ற பழக்கம் அன்று இருந்தது. அப்பழக்கம் புதிதாகக் கற்கவேண்டியதன்று. மறந்ததை நினைவுகூர வேண்டியதே.

கிணற்றைப் பற்றியும் அவ்வாறே. எண்ணெய் ஊற்றியவனைத் தண்டித்தோம்; நன்று. ஆனால் அளவுக்கு மிஞ்சி உரமிட்டும், கிணற்றுக்கு அருகே மலக்குழி வெட்டியும் அதே நிலத்தடி நீரில் நைதரேற்றை ஏற்றுபவர் யார்? உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைதரேற்று. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியுள்ளன என்று ஆய்வாளர் பன்முறை எடுத்துக் காட்டியுள்ளனர். நீர்ச் சோதனையை ஒழுங்காக நடத்தி முடிவுகளை ஊரறிய வெளியிடுமாறு அதிகாரிகளைக் கேட்போம். வெளிவரும் முடிவு எம்மையே சுட்டினாலும் ஏற்போம்.

செய்யத் தக்கவை

எனவே நாம் முன்வைப்பன சிலவே. முதலாவது, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் உள்ள சங்கங்கள் கூடி, கமக்காரர், பெண்கள், இளைஞர், தொழிலறிஞர் அடங்கிய மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும். எக்கட்சியின் பதவியாளரும் அதில் இடம்பெறாதிருத்தல் நன்று. இரண்டாவது, அக்குழு ஓராண்டுக்கு மூன்று விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்: ஒரு வீதி, ஒரு வைத்தியசாலை, ஒரு குளம் அல்லது கிணற்றுத் தொகுதி. பத்தைத் தொட்டுப் பத்தையும் விடுவதினும், மூன்றைப் பிடித்து முடிவு காண்பது மேல். மூன்றாவது, கேள்வி யாவும் தமிழில், எழுத்தில், தேதியிட்டு, பற்றுச்சீட்டுடன் அமையட்டும். சிங்களத்தில் விடை வந்தால் அதனைத் திருப்பி அனுப்பித் தமிழிற் கேட்கட்டும். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடட்டும். நான்காவது, வந்த விடைகளைச் சனசமூக நிலைய அறிவித்தற் பலகையில் ஒட்டட்டும்; நற்சேவை கிடைத்தவிடத்து அதனையும் எழுதிப் பாராட்டட்டும். ஐந்தாவது, குழு தன் வரவுசெலவை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முன் வாசிக்கட்டும்.

இதனாற் புரட்சி வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. தகவல் கேட்டவுடன் ஊழல் ஓடிவிடாது. ஆணைக்குழுவுக்குச் சென்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. எமது தலையாய அரசியற் கோரிக்கைக்கு இது மாற்றும் அன்று. ஆயினும் பதில் சொல்லவேண்டும் என்று அறிந்த நிருவாகம் ஒன்று; கேட்பாரில்லை என்று துணிந்த நிருவாகம் மற்றொன்று. வேலியே பயிரை மேய்கின்றது என்று புலம்புவதால் பயிர் மிஞ்சாது. வரம்பில் ஒருவன் நிற்கின்றான் என்று தெரிந்தால்தான் மேய்ச்சல் நிற்கும்.

சுன்னாகத்துக் கிணற்றில் முதன்முதலாக எண்ணெய்ப் படலம் கண்ட அன்று, அதனைக் கண்டவர் அயலவரிடம் கூறியிருப்பார், அயலவர் தலையசைத்திருப்பார். அன்றே பத்துப்பேர் கூடி எழுத்திற் கேட்டிருந்தால், எத்தனை கிணறுகள் தப்பியிருக்கும்? இனியொரு கிணற்றில், இனியொரு வீதியில், இனியொரு வைத்தியசாலை வாசலில் அவ்வாறான காலை ஒன்று வரும். அன்று தலையசைத்து நில்லாது, தாளையும் பேனாவையும் எடுப்போமாக.